நியோபியம் சேர்த்த எஃகில் சாக்ஸ் வளைவு தட்டையாகவே வருகிறது, எங்கே பார்ப்பது?

எஃகு_மாணவி:

வணக்கம். மெட்டலர்ஜியில் ஆராய்ச்சி செய்கிறேன். கையில் இருப்பது சூடாக உருட்டிய உயர்வலிமை எஃகு, எச்.எஸ்.எல்.ஏ. என்று சொல்வோமே அந்த வகை. எடையில் கார்பன் 0.07, மாங்கனீசு 1.4, நியோபியம் 0.04 சதவீதம். சுருளாகச் சுற்றும் வெப்பநிலையை 550, 600, 650 டிகிரி என்று மாற்றிய மூன்று தகடுகள் இருக்கின்றன. 600 டிகிரி தகட்டை டி.இ.எம்.மில், அதாவது ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில், பார்த்தபோது ஏறக்குறைய 5 நானோமீட்டர் விட்டத்தில் நியோபியம் கார்பைடு துகள்கள் நன்றாகவே தெரிந்தன. ஆனால் டி.இ.எம். படம் ஒன்றில் விழுவது ஒரு மைக்ரான் அகலம்கூட இல்லாத இடம். அதில் எண்ணியதை வைத்து முழுத் தகட்டுக்கும் வீழ்படிவு (இரும்புக்குள் பிரிந்து நிற்கும் இந்தத் துகள்கள்) இத்தனை சதவீதம் என்று எழுத மனம் வரவில்லை. அதனால் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலில், அதாவது சாக்ஸில், அளக்கலாம் என்று வழிகாட்டி சொன்னார்.

எங்கள் வளாகத்தில் பாலிமர் குழுவிடம் ஒரு சாக்ஸ் கருவி இருக்கிறது, செம்பு ஆனோடு (எக்ஸ்-கதிரை உண்டாக்கும் உலோகம்). தகட்டை 50 மைக்ரானுக்குத் தேய்த்து வைத்து இரவு முழுக்க ஓட்டினேன். கிடைத்தது ஒரு தட்டையான கோடு, மிகச் சின்னக் கோணத்தில் மட்டும் செங்குத்தாக ஏறுகிறது. நியோபியமே சேர்க்காத எஃகையும் அதே மாதிரி தேய்த்து வைத்துப் பார்த்தேன், இரண்டு வளைவும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. துகள் இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டேன், வளைவிலோ ஒன்றும் இல்லை. பின்னணியைக் கழிக்கும் முறையில் கோளாறா, தகடு தடிமனாக இருக்கிறதா, இல்லை இந்தக் கருவியே இதற்கு ஆகாதா?

இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. 550 டிகிரி தகட்டில் கொஞ்சம் தங்கிய ஆஸ்டெனைட் (அதிக வெப்பத்தில் இரும்பு எடுக்கும் படிக வடிவம், குளிர்ந்த பின்னும் மிஞ்சியது) இருக்கும் என்று சந்தேகம். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) எடுத்தால் பின்னணி அவ்வளவு உயரமாக வருகிறது, சின்னச் சிகரங்கள் எதுவும் மேலே தலைகாட்டவில்லை. அதுவும் செம்புக் குழாய்தான்.

உலைக்கூடம்:

வணக்கம்மா. எஃகு ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் ரொம்ப காலம் எக்ஸ்-கதிர்க் கருவிகளோடு இருந்தவன். உங்கள் இரண்டு கேள்விக்கும் முதல் பதில் ஒன்றுதான்: செம்புக் குழாயும் இரும்பும் ஒத்துப்போகாது.

செம்பு கே-ஆல்ஃபா கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரும்பின் கே விளிம்பு, அதாவது அதன் உள் எலக்ட்ரானை வெளியே தள்ளத் தேவையான ஆற்றல், 7.11. விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும் கதிரைத்தான் ஒரு தனிமம் மிக ஆவலாக விழுங்கும், விழுங்கிவிட்டுத் தன் சொந்தக் கதிரை எல்லாத் திசையிலும் உமிழும். இரும்பு உமிழ்வது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர். அது கோணத்தைப் பொறுத்து மாறாது, அதனால் டிடெக்டரில் தட்டையான கோடாக விழும். நீங்கள் இரவு முழுக்கச் சேகரித்தது பெரும்பாலும் அதுதான்.

தடிமனையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிதறல் சோதனைக்குப் பொருத்தமான தடிமன், உள்ளே போன கதிர் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தடிமன். செம்புக் கதிருக்கு இரும்பில் அது வெறும் 4 மைக்ரான். நீங்கள் வைத்தது 50. உள்ளே போன கதிரில் லட்சத்தில் ஒரு பங்குகூட மறுபக்கம் வராது. ஆனால் இரும்பின் சொந்த 6.4 கதிரை இரும்பு அவ்வளவாக விழுங்குவதில்லை, அதனால் அது மட்டும் வெளியே வந்து டிடெக்டரை நிரப்பியிருக்கிறது. நியோபியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு தகடும் இரும்புதானே, வளைவு ஒன்றாகத்தான் இருக்கும்.

மாலிப்டினம் ஆனோடு உள்ள கருவி கிடைத்தால் நிலைமை மாறும். 17.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு ஏற்ற தடிமன் 33, 34 மைக்ரான் வரும், அதைக் கையால் செய்துவிடலாம். இரும்பு அப்போதும் ஒளிரும், ஆனால் 6.4க்கும் 17.5க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால் டிடெக்டரில் ஆற்றல் வரம்பை உயர்த்தி வைத்து வெட்டிவிடலாம்.

தகட்டை எமரி தாளோடு நிறுத்தாதீர்கள். கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அவற்றின் சிதறல், கீறலுக்குக் குறுக்காக ஒரு கோடு மாதிரி டிடெக்டர் படத்தில் விழும். வட்டமாகச் சராசரி எடுப்பதற்கு முன் அந்த இருபரிமாணப் படத்தைத் திறந்து பாருங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை. 80 மைக்ரான் வரை தேய்த்துவிட்டு மிச்சத்தை எலக்ட்ரோ-பாலிஷில் (மின்சாரத்தால் மேற்பரப்பைக் கரைத்து மெருகேற்றுவது) இரண்டு பக்கமும் எடுத்துவிடுவது நல்லது.

எஃகு_மாணவி:

நன்றி சார். தட்டையான கோடு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது. பக்கத்து நிறுவனம் ஒன்றில் மாலிப்டினம் ஆனோடு கருவி இருக்கிறது, நேரம் கேட்டால் தருவார்கள். அதில் வைத்தால் துகள்கள் தெரிந்துவிடும் என்று நம்பலாமா?

சிதறல்கணக்கு:

நம்பாதீர்கள், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். உலைக்கூடம் சார் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அந்தத் தடையைத் தாண்டினாலும் உங்கள் எஃகில் இன்னொரு தடை காத்திருக்கிறது, அது கருவியை மாற்றினால் போகாது. கருவிக்கு நேரம் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்து இதைப் பார்த்திருந்தால் எத்தனையோ பேருடைய மாதங்கள் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

சாக்ஸில் துகளிடமிருந்து வரும் சிதறல் மூன்றைப் பொறுத்தது: எத்தனை துகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, துகளுக்கும் சுற்றியுள்ள இரும்புக்கும் எலக்ட்ரான் அடர்த்தியில் எவ்வளவு வித்தியாசம். இந்த மூன்றாவதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம், அது வர்க்கமாக வந்து பெருக்கும். வித்தியாசம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சிதறல் நூறில் ஒன்றாகிவிடும்.

இப்போது எண்கள். இரும்பின் அலகுக் கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) 2.866 ஆங்ஸ்ட்ராம் கனசதுரம், உள்ளே இரண்டு அணு, மொத்தம் 52 எலக்ட்ரான். கன ஆங்ஸ்ட்ராமுக்கு 2.21 எலக்ட்ரான் வருகிறது. நியோபியம் கார்பைடின் கூடு 4.47 ஆங்ஸ்ட்ராம், உள்ளே நான்கு நியோபியமும் நான்கு கார்பனும், 41ஐயும் 6ஐயும் கூட்டி நான்கால் பெருக்கினால் 188 எலக்ட்ரான், கனஅளவு 89.3. வகுத்தால் 2.105. வித்தியாசம் வெறும் 0.10! நியோபியம் கனமான அணுதான், ஆனால் கார்பன் சேர்ந்து கூடு விரிந்துவிடுவதால் கடைசியில் இரும்பின் அடர்த்திக்கே வந்து நிற்கிறது. எக்ஸ்-கதிருக்கு உங்கள் துகள்கள் வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் வைத்த புள்ளிகள்.

டைட்டானியம் கார்பைடுக்கு அதே கணக்கைப் போடுங்கள். கூடு 4.33 ஆங்ஸ்ட்ராம், எலக்ட்ரான் 112, அடர்த்தி 1.38. வித்தியாசம் 0.83, கிட்டத்தட்ட எட்டு மடங்கு. வர்க்கத்தில் 64 மடங்கு. வனேடியம் கார்பைடு 1.6, வித்தியாசம் 0.6. செம்புத் துகள் 2.46, வித்தியாசம் 0.25. டைட்டானியம் எஃகில் இன்னொரு வசதியும் உண்டு. 0.1 சதவீதம் டைட்டானியம் முழுக்கக் கார்பைடாக வந்தால் கனஅளவில் 0.2 சதவீதம் இருக்கும், உங்கள் 0.04 சதவீத நியோபியம் முழுக்க வந்தாலும் 0.045தான். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் அந்த எஃகின் மொத்தச் சிதறல் உங்களுடையதைப்போல 250 மடங்குக்கு மேல். யாராவது கட்டுரையில் சாக்ஸ் வளைவில் தெளிவான மேடு காட்டியிருந்தால் முதலில் அந்த எஃகில் என்ன கார்பைடு என்று பாருங்கள்.

அடுத்தது, சின்னக் கோணத்தில் செங்குத்தாக ஏறுகிறதே, அது. சிமென்டைட்டாக (இரும்புக் கார்பைடு) இருக்கும் என்று பலர் உடனே எழுதிவிடுவார்கள். சிமென்டைட்டின் எலக்ட்ரான் அடர்த்தி 2.16, இரும்போடு வித்தியாசம் 0.05கூட இல்லை, அது எக்ஸ்-கதிருக்கு நியோபியம் கார்பைடைவிட மோசமாகத்தான் தெரியும். ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேற்பரப்பு, காலியிடங்கள், மாங்கனீசு சல்ஃபைடு, அலுமினா மாதிரியான கசடுகள். காலியிடத்தின் அடர்த்தி சுழி, வித்தியாசம் முழு 2.21. நியோபியம் கார்பைடோடு ஒப்பிட்டால் வர்க்கத்தில் 450 மடங்கு. அதாவது கனஅளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு காலியிடம் இருந்தாலே அது உங்கள் எஃகின் மொத்த நியோபியம் கார்பைடும் சேர்ந்து தரும் அளவுக்குச் சிதறடிக்கும். அவை பெரிதாக இருப்பதால் சின்னக் கோணத்தில்தான் விழும் என்பது உண்மை, ஆனால் அதன் வால் உங்கள் 5 நானோமீட்டர் துகள் தெரிய வேண்டிய இடம்வரை நீண்டு வந்து மூடிவிடும்.

இன்னும் ஒன்று. உங்கள் துகள் சுத்தமான கார்பைடுதானா? எஃகில் நைட்ரஜன் எப்போதும் கொஞ்சம் இருக்கும், நியோபியம் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நியோபியம் நைட்ரைடின் கூடு ஏறக்குறைய 4.39 ஆங்ஸ்ட்ராம், அடர்த்தி 2.27 வருகிறது. கார்பைடு இரும்புக்குக் கீழே, நைட்ரைடு இரும்புக்கு மேலே. கார்பன் இடங்களில் பாதிக்கு மேல் நைட்ரஜன் ஏறினால் நடுவில் ஓரிடத்தில் வித்தியாசம் சுழியாகவே ஆகிவிடும். உங்கள் நுண்துகள்கள் கார்பன் மிகுந்தவையாகத்தான் இருக்கும், ஆனாலும் வித்தியாசம் 0.10ஆ 0.07ஆ என்பதே நிச்சயமில்லை, அப்படியிருக்க அதன் வர்க்கத்தால் வகுத்து வரும் கனஅளவு விகிதத்தை எப்படி நம்புவது?

பட்டறைவாசி:

@சிதறல்கணக்கு, கணக்கு அருமை, ஒரு குறுக்குக் கேள்வி. ஜப்பானில் ஜே.எஃப்.இ. நிறுவனத்தின் டைட்டானியம்-மாலிப்டினம் எஃகு இருக்கிறதே, 2004ல் ஃபுனாகாவா குழு எழுதியது, 3 நானோமீட்டர் கார்பைடு வரிசை வரிசையாக நிற்கும். அந்த மாதிரி எஃகுக்குச் சாக்ஸ் நன்றாக வேலை செய்ய வேண்டும் அல்லவா, டைட்டானியம்தானே?

சிதறல்கணக்கு:

நல்ல கேள்வி. அங்கே துகள் சுத்தமான டைட்டானியம் கார்பைடு கிடையாது, மாலிப்டினமும் உள்ளே இருக்கிறது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் அடர்த்தி 1.9 அளவுக்கு ஏறிவிடும், வித்தியாசம் 0.83லிருந்து 0.3க்கு இறங்கும், சிதறல் ஏழில் ஒரு பங்கு. துகளின் அளவை அப்போதும் நன்றாகவே எடுக்கலாம், ஏனென்றால் அளவு வளைவின் வடிவத்திலிருந்து வருகிறது. கனஅளவு விகிதம்தான் உயரத்திலிருந்து வருவது, அதற்குத் துகளின் உள்ளே என்னென்ன எத்தனை பங்கு என்று வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும். அணு ஆய்வு டோமோகிராபியோடு (அணுக்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் முறை) சேர்த்தால்தான் எண் நிற்கும். காய்ச்சக் காய்ச்ச துகளின் கலவையும் மாறிக்கொண்டே போனால் சிதறல் கூடுவதைப் பார்த்துத் துகள் பெருகுகிறது என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

எஃகு_மாணவி:

64 மடங்கு என்று படித்ததும் நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. அப்படியென்றால் எக்ஸ்-கதிரை விட்டுவிட வேண்டியதுதானா? வழிகாட்டி கட்டாயம் கேட்பார், மாற்று என்ன என்று.

நியூட்ரான்பக்கம்:

விட வேண்டாம், ஆனால் உங்கள் எஃகுக்கு நியூட்ரான்தான் இயல்பான கருவி. சான்ஸ், அதாவது சிறுகோண நியூட்ரான் சிதறல். நியூட்ரான் எலக்ட்ரான்களை எண்ணுவதில்லை, அணுக்கருவோடு மோதுகிறது, கூடவே அதற்குக் காந்தத் தன்மை இருப்பதால் இரும்பின் காந்தத்தையும் உணர்கிறது. இரும்பு காந்தப் பொருள், நியோபியம் கார்பைடு இல்லை. காந்தத்தைப் பொறுத்தவரை உங்கள் துகள் இரும்புக்குள் ஒரு துளை மாதிரிதான், கலவை என்னவாக இருந்தாலும் அதற்குள் இரும்பு இல்லாதவரை அந்தக் கான்ட்ராஸ்ட் மாறாது. நைட்ரஜன் ஏறினாலும் கவலையில்லை.

மாதிரியை 1 அல்லது 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் வைத்து முழுக்கக் காந்தமாக்கி விடுவார்கள். புலத்துக்கு இணையான திசையில் அணுக்கருச் சிதறல் மட்டும் விழும், குறுக்குத் திசையில் அணுக்கருவும் காந்தமும் சேர்ந்து விழும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் துகள் என்ன பொருள் என்பதற்கே ஒரு அடையாளம் கிடைத்துவிடும். சுத்தமான நியோபியம் கார்பைடுக்கு இந்த விகிதம் 8க்குப் பக்கத்தில் வரும், வனேடியம் கார்பைடுக்கு 2.2, டைட்டானியம் கார்பைடுக்கு 1.6, வெறும் காலியிடத்துக்கு 1.4. சின்னக் கோணத்தில் ஏறுவது எது, துகளிடமிருந்து வருவது எது என்று சாக்ஸில் திண்டாடினீர்களே, இங்கே கோணத்துக்குக் கோணம் விகிதம் மாறுவதைப் பார்த்தே பிரித்துவிடலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான், ஒரே சோதனையில் அளவும் கிடைக்கிறது, அடையாளமும் கிடைக்கிறது.

தடிமன் பிரச்சினையும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் தகட்டை அப்படியே வைக்கலாம், நியூட்ரான் சுலபமாகக் கடந்துபோகும். உலோகத்தில் சாக்ஸ் செய்யும்போது இன்னொரு தொல்லை வரும், கதிர் ஒரு படிகத் துணுக்கில் பிராக் விலகல் அடைந்து (அணு அடுக்குகளில் பட்டுத் திசை மாறி), இன்னொன்றில் மறுபடி விலகி, சின்னக் கோணத்துக்கே திரும்பி வந்து துகள் சிதறல் மாதிரி வேஷம் போடும். நியூட்ரானின் அலைநீளத்தை 4.05 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வைத்தால் ஃபெரைட்டில் (சாதாரண வெப்பநிலையில் இரும்பின் படிக வடிவம்) பிராக் விலகலே நடக்காது, இரும்பின் மிகப் பெரிய தள இடைவெளி 2.03, அதன் இரட்டிப்புதான் எல்லை. வழக்கமான சான்ஸ் அலைநீளம் 5, 6 ஆங்ஸ்ட்ராம், தானாகவே தப்பித்துவிடுகிறோம்.

இந்தியாவில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா அணுஉலையில் சான்ஸ் கருவி இருக்கிறது. பல்கலைக்கழகக் குழுக்கள் யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். புரொபோசலில் மேலே சிதறல்கணக்கு போட்ட எண்களையே போட்டு, ஏன் சாக்ஸ் போதாது என்று எழுதுங்கள், பரிசீலிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். காந்தம் வேண்டும் என்பதையும் தனியாகக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன விகிதம் கிடைக்காது, இரும்புக்குள் வெவ்வேறு திசையில் காந்தமான களங்களின் எல்லைகளே சிதறடித்துக் குழப்பும்.

எக்ஸ்-கதிரிலேயே நிற்க வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு, சின்க்ரோட்ரான் (ஆற்றலை விருப்பப்படி மாற்றக்கூடிய செறிந்த எக்ஸ்-கதிர் தரும் பெரிய முடுக்கி) வேண்டும். நியோபியத்தின் கே விளிம்பு 18.99 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கதிரின் ஆற்றலை அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால் நியோபியம் அணு ஐந்தாறு எலக்ட்ரான் குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். நியோபியம் கார்பைடு ஏற்கெனவே இரும்பைவிட அடர்த்தி குறைந்தது, இன்னும் குறைந்தால் வித்தியாசம் பெரிதாகும், சிதறல் பத்து மடங்கு அளவுக்கு உயரும். விளிம்புக்குத் தள்ளி ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று அளந்து கழித்தால் நியோபியத்தோடு சம்பந்தப்பட்டது மட்டும் மிஞ்சும், கீறலும் காலியிடமும் கழிந்துவிடும். அந்த ஆற்றலில் தகடு 40 மைக்ரான் இருக்கலாம். இந்தூரில் இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் சாக்ஸ் பீம்லைன் உண்டு, 19 வரை போதுமான கதிர்ச் செறிவோடு போகுமா என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஹாம்பர்க்கில் பெட்ரா-3 சின்க்ரோட்ரானில் இந்திய ஆய்வாளர்களுக்கு ஏற்பாடு ஒன்றும் இருந்துவருகிறது.

பட்டறைவாசி:

இவ்வளவு பெரிய கருவிகளுக்குப் போவதற்கு முன் மேசை மேலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இரும்பைக் கரைத்துவிட்டுக் கார்பைடை மட்டும் எடுத்துப் பாருங்கள். மெத்தனாலில் 10 சதவீதம் அசிட்டைல் அசிட்டோன், 1 சதவீதம் டெட்ராமெத்தில் அம்மோனியம் குளோரைடு, ஜப்பான் எஃகு ஆய்வகங்களில் காலங்காலமாகப் பயன்படும் மின்கரைசல். மின்சாரம் செலுத்தினால் இரும்பு கரையும், கார்பைடு மிஞ்சும். வடிகட்டி, மிச்சத்தைக் கரைத்து ஐ.சி.பி.யில் (கரைசலில் ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு என்று அளக்கும் கருவி) நியோபியம் எவ்வளவு என்று பார்த்தால் மொத்த நியோபியத்தில் எத்தனை பங்கு வீழ்படிவாக வந்திருக்கிறது என்று நேரடியாகக் கிடைத்துவிடும். ஒரு கிராம் எஃகைக் கரைக்கிறோம், டி.இ.எம்.மில் பார்த்த இடத்தோடு ஒப்பிட்டால் எத்தனை கோடி மடங்கு பெரிய மாதிரி! அந்த மிச்சத்தையே எக்ஸ்ஆர்டியில் வைத்தால் நியோபியம் கார்பைடு சிகரங்கள் தெரியும், கூட்டின் அளவைப் பார்த்து அது கார்பைடு பக்கமா நைட்ரைடு பக்கமா என்றும் சொல்லலாம்.

குறை ஒன்று உண்டு. 5 நானோமீட்டர் துகள் 0.2 மைக்ரான் வடிகட்டித் தாளில் தங்காமல் நழுவும், கொத்தாகச் சேர்ந்தவைதான் தங்கும். சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் அதில் போடுங்கள், வடிநீரிலும் நியோபியம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கிடைக்கும் எண் எல்லாவற்றையும் சேர்த்தது. உருட்டும்போது ஆஸ்டெனைட்டில் வந்த பெரிய துகளும் அதில் இருக்கும், சுருளில் வந்த நுண்துகளும் இருக்கும். வலிமை கூட்டுவது பின்னது. இரண்டையும் பிரிக்கத்தான் சான்ஸ் வேண்டும்.

உலைக்கூடம்:

ஆஸ்டெனைட் கேள்வி அப்படியே நிற்கிறது. குழாயை கோபால்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன் கதிர் 6.93, இரும்பின் 7.11 விளிம்புக்குக் கீழே, இரும்பு ஒளிராது. உங்கள் மாங்கனீசு மட்டும் சற்று ஒளிரும், அதன் விளிம்பு 6.54, ஆனால் 1.4 சதவீதத்துக்குப் பரவாயில்லை. மாங்கனீசு 5, 10 சதவீதம் உள்ள எஃகென்றால் வேறு யோசிக்க வேண்டும்.

கோபால்டில் ஃபெரைட்டின் 110 (இந்த எண்கள் படிகத் தளங்களின் பெயர்) சிகரம் 52.4 டிகிரியில், ஆஸ்டெனைட்டின் 111 சிகரம் 51 டிகிரியில் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஜோடியை நம்பாதீர்கள். ஆஸ்டெனைட்டில் 200, 220, 311, ஃபெரைட்டில் 200, 211 எடுத்து ஒவ்வொரு ஜோடியிலும் தனித்தனியாக விகிதம் கண்டு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் தகட்டில் உருட்டல் டெக்ஸ்சர் (படிகங்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பது) இருக்கிறது என்று பொருள். ஆஸ்டெனைட் அளப்பதற்கான ஏ.எஸ்.டி.எம். இ975 தர நடைமுறையே படிகங்கள் ஏறக்குறைய தாறுமாறாக இருப்பதாகக் கருதித்தான் எழுதப்பட்டது, உருட்டிய தகட்டில் ஒரே ஜோடியை வைத்து எண் எழுதுவது சரியில்லை. மேற்பரப்பைத் தேய்த்தால் ஆஸ்டெனைட் அங்கேயே மார்ட்டென்சைட்டாக (எஃகின் இன்னொரு கடினமான படிக வடிவம்) மாறிவிடும், அதனால் இங்கும் எலக்ட்ரோ-பாலிஷ் கட்டாயம். ஆய்வகக் கருவியில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. அதற்குக் கீழே வேண்டுமென்றால் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான் கதிர், அது 2 மில்லிமீட்டர் எஃகையே ஊடுருவும்.

எக்ஸ்-கதிருக்கும் எஃகுக்கும் உள்ள உறவு நூறு வருடத்துக்கு மேல் பழையது. பீட்டா இரும்பு என்று ஒன்று இருக்கிறது, எஃகு கடினமாவதே அதனால்தான் என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், 1921, 22 வாக்கில், ஸ்வீடனில் வெஸ்ட்கிரெனும் ஃப்ராக்மெனும் சூடான இரும்புக் கம்பியையே எக்ஸ்-கதிரில் படம் பிடித்துக் காட்டினார்கள்: பீட்டாவின் அணு அடுக்கு ஆல்ஃபாவினுடையதேதான் (அதாவது ஃபெரைட்), ஆஸ்டெனைட்டினது முகமையக் கனசதுரம். சண்டை அதோடு ஓய்ந்தது. சாக்ஸும் தொடக்க காலத்திலேயே உலோகத்தில் தன் திறமையைக் காட்டியது, 1938ல் பாரிசில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் அலுமினியம்-செம்புக் கலவையில் நுண்மண்டலங்களைத் தனித்தனியாகக் கண்டார்கள். அலுமினியத்தில் செம்பு, 13க்கு 29. அங்கே கான்ட்ராஸ்ட் தாராளமாக இருந்தது.

எஃகு_மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வழிகாட்டியிடம் எண்களைக் காட்டினேன், அவரும் ஒத்துக்கொண்டார். முதலில் மூன்று தகட்டிலும் கரைத்தெடுத்து ஐ.சி.பி., கோபால்டுக் குழாயில் ஆஸ்டெனைட், அந்த எண்களை வைத்துத் துருவாவுக்கு விண்ணப்பம். மாலிப்டினம் சாக்ஸைக் கைவிடவில்லை, துறையில் டைட்டானியம் சேர்த்த எஃகு ஒன்று இருக்கிறது, கருவியும் பாலிஷும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அதை வைக்கப் போகிறேன். செறிவை முழு அளவுக்குக் கொண்டுவர என்ன பயன்படுத்துவது?

சிதறல்கணக்கு:

கண்ணாடிக் கார்பன். அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் தரும் 3600 எண் மாதிரி, கனஅளவு விகிதம் எடுக்க அது இல்லாமல் முடியாது. உங்கள் தகட்டின் கதிர்க்கடப்பு விகிதத்தையும் அதே நாளில் அளந்து வையுங்கள், 35 மைக்ரானில் இரண்டு மைக்ரான் பிசகினாலும் எண் நகர்ந்துவிடும்.

பட்டறைவாசி:

மாதிரி வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கரைப்பது, டி.இ.எம்., சான்ஸ் மூன்றுக்கும் தகட்டின் கால் தடிமன் ஆழத்திலிருந்தே எடுங்கள். நடுக்கோட்டில் மாங்கனீசும் நியோபியமும் திரண்டு நிற்கும், அங்கே எடுத்த எண்ணும் மேலே எடுத்த எண்ணும் ஒத்துவராது.